கப்போத்தின் அந்தப் பக்கம்

மூடி இல்லாத காரை வாங்கியவன் முட்டாள் என்று நெல்லித்தோப்பில் எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது தப்பு. மூடி இருந்தது. அதைப் போடுவதற்குத்தான் ஆள் போதவில்லை.

என் பெயர் வைத்திலிங்கம். கருவாட்டு வியாபாரி. பிறந்தது வைத்திக்குப்பத்தில், அலை வாசலுக்கு வரும் ஒரு வீட்டில். கை கொஞ்சம் நிமிர்ந்ததும் நெல்லித்தோப்பில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது, ஊருக்குக் கிளம்பிய ஒரு துரையிடமிருந்து அந்தக் காரை வாங்கினேன். பச்சை நிறம். ஸ்டியரிங் இடது பக்கம். இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். கருவாட்டு மூட்டை ஒன்று வைக்கக்கூட இடம் கிடையாது. “இத வெச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க?” என்று என் மனைவி அங்கம்மாள் கேட்டாள். எனக்கும் தெரியாது. ஆசை, அவ்வளவுதான். கடற்கரை வீதியில் துரை அதில் போகும்போதெல்லாம் நான் மீன்கூடையோடு ஓரமாக நின்று பார்த்தவன்.

மூடியைத் துரை ‘கப்போத்’ என்பார். எங்கள் வீட்டில் அது கப்போத்து ஆயிற்று. சீட்டுகளுக்குப் பின்னால் வளைந்த இரும்புக் கம்பிகள் இரண்டு. அவற்றின் மேல் கித்தான் துணி மடிந்து கிடக்கும். மழை வந்தால் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று, ஒரே நேரத்தில் முன்னால் இழுக்க வேண்டும். ஒருவன் மட்டும் இழுத்தால் கம்பி கோணிக்கொண்டு விரலைக் கடிக்கும். முன்கண்ணாடிச் சட்டத்தில் கொக்கியை மாட்டிவிட்டு, பக்கத்துக்கு ஏழு அழுத்துப் பட்டன்களை வெளியிலிருந்து அழுத்த வேண்டும். துணி நனைந்தால் சுருங்கும், ஏழாவது பட்டன் எட்டவே எட்டாது. அதற்குள் மழை நின்றுவிடும். நின்றாலும் உடனே மடித்துவிட முடியாது. ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடித்துவிடும். துரை கப்பலேறும்போது எனக்குச் சொன்ன ஒரே புத்திமதி அதுதான், ஈரத்தோடு மடிக்காதே என்று.

அங்கம்மாளை அந்தப் பக்கம் நிறுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இழுப்போம். அவள் இரண்டிலேயே இழுத்துவிடுவாள். நடுத்தெருவில் நனைந்துகொண்டே நாங்கள் சண்டை போடுவதை நெல்லித்தோப்பு முழுக்க வேடிக்கை பார்க்கும். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை சின்னப்பொண்ணு. அவள் புருஷன் கண்ணையன், வைத்திக்குப்பத்தில் மீன்பிடிப்பதில் நல்ல கைகாரன். துரையின் காருக்கு என்னைப் போலவே இன்னொருவரும் ஆசைப்பட்டார். துரையை என் பக்கம் இழுக்க, அவருடைய கடைசி விருந்துக்கு இரண்டு கூடை சிங்கி இறால் கொண்டுவருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அன்று ஐப்பசி வானம் கெட்டுக் கிடந்தது. கண்ணையன் வானத்தைப் பார்த்தான். “காத்து சரியில்ல மச்சான்” என்றான். “ஒருநாள் தானே மாப்ள” என்றேன் நான். கூடப் போக வேண்டியவன் வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டான். கண்ணையன் ஒற்றை ஆளாகக் கட்டுமரத்தைத் தள்ளினான். திரும்பி வரவில்லை.

விருந்து இறால் இல்லாமலேயே நடந்தது. துரை எனக்கே வண்டியைக் கொடுத்தார். அந்த வண்டியிலேயே நான் வடக்கே கரையோரமாகத் தேடிக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் காலை, காலாப்பட்டு சவுக்குத் தோப்புக்குக் கீழே, மணலில் பாதி புதைந்து கட்டுமரத்துப் பாய் கிடந்தது. துணி மட்டும். மரமும் இல்லை, ஆளும் இல்லை. பனிச்சங்காய்ச் சாயம் ஏற்றிய பாய்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு ஒட்டு இருந்தது. சின்னப்பொண்ணு இடக்கைக்காரி. அவள் போடும் தையல் எதிர்ப்பக்கமாகச் சாயும், மூன்று தையலுக்கு ஒரு முடிச்சு. அதைப் பார்த்ததும் கண்ணையன் போய்விட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மணலில் உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் குப்பத்தில், கடலுக்குப் போய்த் திரும்பாதவனை ஊர் உடனே செத்தவன் என்று சொல்லிவிடாது. காத்திருக்கும். எத்தனை வருஷமானாலும் அவன் பெண்டாட்டி பொட்டோடும் பூவோடும் தாலியோடும் இருக்கலாம். ஆனால் அவனுடைய பொருள் ஒன்று கரைக்கு வந்துவிட்டால் அன்றோடு சரி. ஊர்ப் பெரியவரான நாட்டார் ஊரைக் கூட்டுவார். வைக்கோலில் உருவம் செய்து காரியம் நடக்கும். அதன் பிறகு அவளுக்குப் பொட்டும் இல்லை, பூவும் இல்லை.

நான் அந்தப் பாயைச் சுருட்டி, பக்கத்து சீட்டில் திணித்தேன். வழியில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று ஒற்றை ஆளாகக் கப்போத்தை இழுத்துப் போட்டேன். கட்டைவிரல் நசுங்கி நகம் கறுத்தது. கப்போத்தை நான் முதன்முதலாகப் போட்டது மழைக்காக இல்லை. பாயைக் கொண்டுபோய் என் கிடங்கில், பழைய சாக்குகளுக்கு அடியில் போட்டு மூடினேன்.

தங்கையின் பொட்டைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஊர் கூடினால், அந்தக் காற்றில் அவனை அனுப்பியது யார் என்று கேட்பார்கள். சின்னப்பொண்ணு என் முகத்தைப் பார்ப்பாள். அதற்குத்தான் பயந்தேன்.

நாலு வருஷம் ஓடிற்று. சின்னப்பொண்ணு பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றாள். நெற்றியில் அரை ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். சாயங்காலம் காலிக் கூடையோடு அவள் நடந்து போவதைப் பார்த்தால் வண்டியை நிறுத்துவேன். ஏறமாட்டாள். “ரெண்டு பேரு போற வண்டிதானே அண்ணே? அவரு வரட்டும். எங்க ரெண்டு பேர் கையிலயும் குடு, ஒரு சுத்து சுத்திட்டு வரோம்” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்க முடியாது.

1958 ஆடியில் கப்போத்து கிழிந்தது. வெயிலில் காய்ந்து காய்ந்து, மடிப்போடு மடிப்பாகப் பிளந்துவிட்டது. நான் சரக்கு எடுக்க நாகப்பட்டினம் போக வேண்டியிருந்தது. குத்புதீன் மரைக்காயரைக் கூப்பிட்டுப் புதுத் துணி போடச் சொல்லிவிட்டுப் போனேன். ஜட்கா வண்டிக் கூண்டுகளுக்கும் கல்யாணப் பந்தல்களுக்கும் துணி தைப்பவர் அவர், அவர் கைத்தையல் பிரியவே பிரியாது. வந்து பார்த்தவர், கடைக் கித்தான் இந்த ஊர் உப்புக்காற்றுக்கு ஆகாது, தண்ணீருக்குப் பழகிய துணி ஏதாவது இருந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார். அங்கம்மாள் கிடங்கைக் குடைந்திருக்கிறாள். சாக்குகளுக்கு அடியில் நல்ல பாய் ஒன்று சும்மா கிடந்திருக்கிறது. அவள் கடலூர்க்காரி. சின்னப்பொண்ணின் தையலை அவள் எங்கே கண்டாள்! எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து வந்தேன். கொட்டகையில் வண்டி மூடியோடு நின்றது. பழுப்பும் கறுப்புமாக ஒரு நிறம். பனிச்சங்காய்ச் சாயம். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்து சீட்டுக்கு நேர் மேலே அந்த ஒட்டு இருந்தது. தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

“எப்டி இருக்கு? ஒரு சொட்டு எறங்காதுன்னாரு மரைக்காயரு” என்றாள் அங்கம்மாள்.

நன்றாக இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்ல? அன்றே கப்போத்தை மடித்து வைத்தேன். இனி அதை விரிப்பதில்லை என்று முடிவு செய்தேன். மழை வந்தால் நனைந்துகொண்டே ஓட்டினேன். தலையில் துண்டு, மடியில் தண்ணீர். “புதுக் குல்லா தச்சிட்டு மொட்டத் தலையோட போறாரு பாரு” என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு மடித்து வைத்த கப்போத்து நனைய ஆரம்பித்தது.

முதல் தடவை பார்த்தது ஆவணியில், நல்ல வெயில் காயும் நாளில். காலையில் கொட்டகைக்குப் போனால், வண்டிக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. மடிப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கொட்டகைக்கு ஓடு வேய்ந்த கூரை. அதில் ஒரு பொத்தல் கிடையாது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. வெயிலில் விரித்துக் காயப்போட எனக்குத் தைரியம் இல்லை, தெருவில் போகிற எவளாவது குப்பத்துக்காரி பார்த்துவிட்டால்? ஈரத்தோடுதான் கிடந்தது. ஆனால் பூசணம் பிடிக்கவில்லை. மறுநாளும் சொட்டியது. தரையில் கொஞ்சம் மணலும் இருந்தது.

அந்த ஒட்டைப் பிரித்துவிட்டால் போதும், தையலே இல்லாவிட்டால் யாருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தோன்றியது. குத்புதீனை வரவழைத்தேன். பழைய ஒட்டை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதுத் துண்டு வைத்துத் தைத்தார். வெட்டிய துண்டை நானே அடுப்பில் போட்டேன். நாலு நாள் கழித்துப் பார்த்தேன். துண்டு புதுசுதான். அதைச் சுற்றி ஓடிய தையல் புதுசு இல்லை. எதிர்ப்பக்கம் சாய்ந்து, மூன்றுக்கு ஒரு முடிச்சு.

மறுபடியும் குத்புதீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலால் ஒவ்வொரு முடிச்சாகத் தடவினார்.

“இது என் கை இல்ல முதலாளி” என்றார். “இது எடக்கைத் தையலு. நான் போட்டத யாரோ பிரிச்சிட்டுப் போட்டிருக்காங்க.”

“யாரு பிரிப்பாங்க மரைக்காயரே?”

“அத என்னக் கேக்கறீங்களே. இது யாரோட துணி?”

அவர் ஊசிப்பெட்டியை மூடினார். “இந்த வண்டிக்கு இனிமே என்னக் கூப்புடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். வாசல்வரை போய் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், பரிதாபப்பட்டார்.

அதற்குப் பிறகு கப்போத்து தானாகவே ஏறத் தொடங்கியது. சாயங்காலம் மடித்துவிட்டுப் போவேன். காலையில் விரிந்து நிற்கும். முன்கொக்கி மாட்டியிருக்கும். என் பக்கம் ஏழு பட்டன்களும் ஒழுங்காக அழுத்தியிருக்கும். பக்கத்து சீட்டின் பக்கத்துப் பட்டன்கள் மட்டும் அப்படியே தொங்கும். முதல் நாள் அங்கம்மாளைத் திட்டினேன். “எனக்கு வேற வேல இல்லியா?” என்று அவள் கரண்டியோடு வந்தாள். உண்மைதான். அவள் இழுத்திருந்தால் கம்பி கோணியிருக்கும். இது கோணாமல், இரண்டு பேர் சேர்ந்து இழுத்ததுபோல் நேராக நின்றது. தன் பக்கத்து வேலையை முடித்துவிட்டு, மறுபக்கத்து ஆள் வருவதற்காக யாரோ நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. தினமும் காலையில் ஏழு பட்டனையும் பிடுங்கிவிட்டு மடித்தேன்.

ஒருநாள் கிரசின் டின்னை எடுத்துக்கொண்டு போனேன். துணியை அறுத்து எடுத்துக் கொளுத்திவிடலாம் என்றுதான். கத்தியை வைத்தேன். முடியவில்லை. பயத்தால் மட்டும் இல்லை. கண்ணையனில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். ‘மாப்ள’ என்று ஒருதரம் வாய்விட்டுக் கூப்பிட்டேன். கொட்டகையில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. டின்னைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐப்பசி பிறந்தது. ஒருநாள் மத்தியானம் சின்னப்பொண்ணு வீட்டுக்கு வந்தாள். அவள் கூடை இல்லாமல் வந்து நான் பார்த்ததே இல்லை. தலை சீவி, கனகாம்பரம் வைத்து, பெட்டியில் வைத்திருந்த கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள். மூச்சு வாங்கியது.

“அண்ணே, வண்டிய எடு” என்றாள். “மூலக்குளத்துல இராமதாஸ்னு ஒருத்தரு ரங்கூன்லேர்ந்து வந்திருக்காராம். அங்க செயில்ல நம்ம ஊரு செம்படவன் ஒருத்தன் இருக்கானாம். காத்துல அடிச்சிகினு வந்தவனாம். வயசு, ஒசரம் எல்லாம் ஒத்துப் போவுதுன்னு மார்க்கெட்டுல சொல்றாங்க. நான் நேர்ல கேட்டாவணும்.”

அந்த நிமிஷமே நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். கோழை நான். நாலு வருஷக் கோழை. சாவியை எடுத்தேன்.

நாலு வருஷம் ஏறாதவள் அன்று ஏறினாள். காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, “நல்லாத்தான் கீது” என்று முன்பலகையைத் தடவிப் பார்த்தாள். நான் வில்லியனூர் ரோட்டில் மேற்கே திருப்பினேன். வண்டி இழுக்க மறுத்தது. மடித்துக் கிடந்த துணி பின்னால் காற்றுப் பிடித்துப் புடைத்தது, நான் முன்னால் போகப் போக அது கிழக்கே இழுத்தது. எதிரே காற்றே இல்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்தி அழுத்தி ஆள் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். சின்னப்பொண்ணு பேசிக்கொண்டே வந்தாள். அவர் இளைத்திருப்பார், ரங்கூனில் என்ன சோறு போட்டார்களோ, மனு எழுத நல்ல ஆளாகப் பார்க்க வேண்டும் என்றெல்லாம்.

வீடுகள் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. தூறல்கூட இல்லை, எடுத்த எடுப்பிலேயே அடைமழை. ஒதுங்க ஒரு மரம் இல்லை. வண்டி நின்றே போயிற்று.

“மூடியப் போடு அண்ணே.”

“வேணாம். கிழிஞ்சிருக்கு.”

“புதுசு தச்சிருக்குன்னு அண்ணி சொன்னாங்களே. சேலையெல்லாம் நனையுது, போடு.”

“சின்னப்பொண்ணு, சொன்னாக் கேளு. வூட்டுக்குத் திரும்பிடலாம்.”

“உனக்கு சோம்பேறித்தனம். இரு, நானே போடறேன்.”

கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கவில்லை. இறங்கி அந்தத் துணியைத் தொட என்னால் ஆகவில்லை. அவள் ஒற்றை ஆளாக இழுத்தாள். கம்பி கோணவில்லை. என் தலைக்கு மேல் கப்போத்து நேராக, மெதுவாக, இரண்டு பக்கமும் சமமாக வந்து முன்கண்ணாடியில் படிந்தது. அவள் கொக்கியை மாட்டினாள். அவள் பக்கத்துப் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஏழு சத்தம் கேட்டது. உள்ளே ஏறிக் கதவைச் சாத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“உன் பக்கம் போடலியா?” என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் என் பக்கத்தில், வெளியே, ஒரு பட்டன் மாட்டியது. டக்.

இருவரும் அசையாமல் இருந்தோம். இரண்டாவது மாட்டியது. மூன்றாவது. என் தோளுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில். பக்கத் திறப்பு வழியாகப் பார்த்தேன். மழை தெரிந்தது, வயல் தெரிந்தது. ஆள் இல்லை. நாலு, ஐந்து, ஆறு. நனைந்த துணிக்கு ஏழாவது எட்டாது. கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. துணி விறைத்துக்கொண்டு நீண்டது. ஏழாவதும் மாட்டியது.

சின்னப்பொண்ணு அப்போதுதான் நிமிர்ந்து மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இடக்கையைத் தூக்கி அந்த ஒட்டின் மேல் வைத்தாள். விரல் தையலோடு ஓடி, முடிச்சில் நின்று, அடுத்த முடிச்சுக்குப் போயிற்று. சுற்றி முழுக்கப் போய் ஆரம்பித்த இடத்துக்கே வந்தது. துணியில் மழை அறைந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

“பாயக் காயப்போட்டு மடிக்கறப்போ நான் இந்தப் பக்கம் புடிப்பேன்” என்றாள். குரலில் அழுகை இல்லை. “அவரு அந்தப் பக்கம்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“எங்க கெடச்சுது?”

“காலாப்பட்டுல.”

“எப்ப?”

“மூணாம் நாளு.”

“அந்த மூணாம் நாளா?”

“ஆமா.”

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். துரை, விருந்து, சிங்கி இறால், ‘ஒருநாள் தானே மாப்ள’ என்று சொன்னது. நான்தான் அனுப்பினேன், என்னால்தான் போனான், அது உனக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் மறைத்தேன் என்றேன்.

“அது எனக்குத் தெரியும்” என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன்.

“அன்னிக்கே சொல்லிட்டுத்தான் போனாரு. ஒன் அண்ணன் வண்டி வாங்கறாரு, எறா கேக்கறாரு, போயிட்டு வந்துடறேன்னாரு. போவாதேன்னு நானுந்தான் சொல்லல. நல்லதா ரெண்டு எனக்கும் எடுத்து வெய்யின்னேன். அதுக்காவ உன்ன நான் ஒருநாளும் கோச்சிக்கல அண்ணே.”

நாலு வருஷமாக நான் எதற்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தேனோ, அதை அவள் முதல் நாளே அறிந்திருந்தாள். அறிந்தே என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அவள் காலைத் தொடப் போனேன். தள்ளிவிட்டாள்.

“ஆனா இதுக்கு நான் இன்னா சொல்லுவேன்?” என்றாள். இப்போது குரல் உடைந்தது. “தெனம் ராத்திரி அவருக்குன்னு ஒரு தட்டுல சோறு போட்டு மூடி வெப்பேன். வந்தா பசியோட வருவாருன்னு. காலையில எடுத்துக் கொட்டுவேன். நாலு வருசம் அண்ணே. செத்தவங்களுக்குன்னு சொல்லி, படைச்சு, பேரு சொல்லிக் கூப்புட்டாத்தானே அவங்க தொட முடியும்? உசுரோட இருக்கறவருக்கு வெச்ச சோறு அது. அவரு வந்துதான் இருப்பாரு. தட்டுக்குப் பக்கத்துல குந்திகினு, தொட முடியாம, விடியற வரைக்கும் பாத்துகினே இருந்திருப்பாரு.”

நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்து இறக்கினாள்.

“வண்டியத் திருப்பு.”

“ரங்கூன்காரரு…”

“அவருகிட்ட இனிமே இன்னா கேக்கறது? குப்பத்துக்குப் போ. நாட்டாருகிட்ட சொல்லணும். நீ சொல்றியா, நான் சொல்லட்டா?”

“நானே சொல்றேன்” என்றேன்.

கிழக்கே திருப்பியதும் வண்டி ஓடியது. ஆக்ஸிலேட்டரில் காலை வைக்கவே வேண்டியிருக்கவில்லை. நெல்லித்தோப்பைத் தாண்டி, மார்க்கெட்டைத் தாண்டி, மழையில் ஒதுங்கி நின்ற ஜனங்கள் பார்க்கப் பார்க்க, மூடியோடு போனோம். இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இடைவெளி. சின்னப்பொண்ணு கதவோடு கதவாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. நானும் என் பக்கம் ஒடுங்கிக்கொண்டேன்.

வைத்திக்குப்பத்தில் கோயிலுக்கு முன்னால் நிறுத்தினேன். மழை விடவில்லை. படகுகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். சின்னப்பொண்ணு இறங்கினாள். கதவை உடனே சாத்தவில்லை. அதைத் திறந்து பிடித்தபடி, கொஞ்சம் ஒதுங்கி, வழிவிட்டு நின்றாள். மழை அவள் பூவில், நெற்றியில் வழிந்து, குங்குமம் கரைந்து மூக்கில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. ஒரு ஆள் இறங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினாள்.

நான் நாட்டார் வீட்டைப் பார்த்து நடந்தேன். என் பின்னால் ஈர மணலில் இரண்டு பேர் நடந்து வருகிற சத்தம் கேட்டது.